கல்லில் தட்டிய புரொப்பெல்லரைத் திருத்தி ஓட்டலாமா?

தம்பி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கும். அவர் மட்டக்களப்பு வாவிக் கரையில் உள்ள கல்லடியில் இருக்கிறார். 65 சென்டிமீட்டர் நீளமான ரிமோட் படகு, பிரஷ்லெஸ் மோட்டர், 3 செல் லிப்போ பற்றரி, 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு இதழ்ப் பித்தளைப் புரொப்பெல்லர். பழைய பாலத்துப் பக்கம் கரையோரக் கல்லில் படகு தட்டியதில் ஒரு இதழின் நுனி மடங்கிவிட்டது. அதே இதழின் முன் விளிம்பில் இரண்டு இடத்தில் சொட்டை. அதற்குப் பிறகு ஓடும்போது பின்பக்கம் உதறுகிறது, வேகமும் விழுந்துவிட்டது. புதிய புரொப்பெல்லர் வெளிநாட்டிலிருந்து வந்து சேரக் கிழமைக்கணக்காகும். "குறட்டால் நிமிர்த்தி, சொட்டைக்கு ஈயம் வைத்து அடைத்துவிட்டு ஓட்டலாமா? மாமா அப்படித்தான் சொல்கிறார்" என்று கேட்டிருக்கிறார்.

நிமிர்த்தலாம், ஓட்டலாம். ஈயம் மட்டும் வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். இந்த வேலைக்கு வரும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். அடிபட்ட இதழைப் பழையபடி ஆக்குவது இரண்டாம் பட்சம். இரண்டு இதழும் ஒன்றையொன்று ஒத்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம். இரண்டும் சேர்ந்து கொஞ்சம் சிறுத்துப்போனால் படகு கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். ஒன்று முழுசாகவும் மற்றது ஏறக்குறைய முழுசாகவும் இருந்தால் தண்டு, அதைத் தாங்கும் புஷ், மோட்டர் பெயரிங் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துத் தின்றுவிடும்.

எவ்வளவு சின்ன வித்தியாசம் எவ்வளவு பெரிய வேலை பார்க்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் மோட்டரின் கேவி எத்தனை என்று எழுதவில்லை. 2000 கேவி என்று வைப்போம். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2000 சுற்று. 3 செல் லிப்போவின் 11.1 வோல்ட்டால் பெருக்கினால் 22,200. தண்ணீரின் சுமை ஏறியதும் அது குறையும், 18,000 என்று எடுப்போம். அதாவது நொடிக்கு 300 சுற்று. அந்த வேகத்தில் 40 மி.மீ. புரொப்பெல்லரின் நுனி மணிக்கு 135 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. இப்போது ஒரு இதழ் மற்றதைவிட 0.1 கிராம் கூட என்று வையுங்கள். நாலைந்து அரிசி மணியின் எடைதான். அந்த எடை நடுவிலிருந்து 15 மி.மீ. தள்ளி இருந்தால், தண்டை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை அரைக் கிலோ எடைக்கும் மேல் வரும். அதுவும் ஒரே திசையில் இழுப்பதில்லை, நொடிக்கு 300 தடவை சுற்றிச் சுற்றி இழுக்கிறது. சுற்று இரண்டு மடங்கானால் இழுவை நாலு மடங்காகும். அதனால்தான் மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது, திறக்கத் திறக்க உதறல் எடுக்கும்.

புரொப்பெல்லரில் கை வைக்க முன் தண்டைப் பாருங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கல்லில் தட்டிய அடி இதழோடு நிற்பதில்லை, தண்டு வழியாக உள்ளே போகும். பற்றரியைக் கழற்றி வெளியே வையுங்கள். பிரஷ்லெஸ் மோட்டர் ரிமோட்டில் ஒரு சின்னத் தவறு நடந்தாலே திடீரென்று சுற்றத் தொடங்கும். விரல் இதழுக்குப் பக்கத்தில் இருக்கும் நேரம் பற்றரி படகுக்குள் இருக்கவே கூடாது. பிறகு புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, தண்டின் நுனிக்குப் பக்கத்தில் ஒரு குண்டூசியைக் களிமண்ணில் குத்தி நிறுத்துங்கள். ஊசி முனை தண்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். தண்டைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். ஊசிக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சுற்று முழுவதும் ஒரே மாதிரி இருந்தால் தண்டு நேர். ஒரு பக்கம் வந்து முட்டி, மறுபக்கம் விலகிப் போனால் தண்டு வளைந்துவிட்டது. அந்தத் தண்டில் எவ்வளவு நல்ல புரொப்பெல்லரைப் போட்டாலும் உதறும். தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டியும் பாருங்கள். கடகடவென்று ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. புரொப்பெல்லரைச் சுழற்றும் டிரைவ் டாக்கில் வெடிப்பு இருக்கிறதா, அதன் இறுக்காணி தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நம்முடைய வாவியில் இன்னொன்று உண்டு: மீன்பிடிக்கும் தங்கூசி நரம்பு. புரொப்பெல்லருக்குப் பின்னால் தண்டில் இறுகச் சுற்றிக்கொண்டு புஷ்ஷுக்குள் போய்விடும். வெளியே பார்த்தால் தெரியாது. டிரைவ் டாக்கைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

தண்டு நேராக இருந்தால் இனி புரொப்பெல்லர்.

அது என்ன உலோகம் என்பதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் பித்தளை என்கிறீர்கள். வேகப் படகுகளுக்கு விற்கும் புரொப்பெல்லர்களில் பெரிலியம் கொப்பர் என்ற கலவையும் உண்டு. பார்வைக்குப் பித்தளை போல, கொஞ்சம் செம்பு நிறம் கலந்து இருக்கும். பித்தளையைவிட விறைப்பு. அதை அரத்தாலோ சாண்ட் பேப்பராலோ காய்ந்தபடி தேய்க்கவே கூடாது. பெரிலியத் தூள் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலுக்குத் தீராத கேடு. வாங்கும்போது பெரிலியம் என்று போட்டிருந்தாலோ, சந்தேகமாக இருந்தாலோ, எல்லாவற்றையும் தண்ணீருக்குள் வைத்துத்தான் தேய்க்க வேண்டும். தேய்த்த தண்ணீரைக் காயவிடாமல் துணியால் ஒற்றி எடுத்து, ஈரத்தோடு பையில் கட்டி எறியுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த வேலையைக் குசினிப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். டிரில்லில் மாட்டும் சின்னக் கல்லைக் கொண்டு தேய்ப்பது அதற்குச் சரிவராது, தூள் காற்றில் பறக்கும்.

அடுத்து வெடிப்பு. மடங்கிய இதழின் வேரில், அதாவது இதழ் நடுக்குழாயோடு சேரும் இடத்தில், மயிரிழை போல வெடிப்பு இருந்தால் அத்தோடு அந்தப் புரொப்பெல்லரின் காலம் முடிந்தது. அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மண்ணெண்ணெயும் சோக்கும் இருந்தால் காட்டிக் கொடுத்துவிடும். புரொப்பெல்லரைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். இருபது நிமிடம் மண்ணெண்ணெயில் ஊறவிடுங்கள். எடுத்து, துணியால் ஒரு துளி ஈரமும் இல்லாமல் துடைத்துவிட்டு, சோக்கை வழித்து அந்த வெள்ளைத் தூளை இதழின் வேர், மடிப்பு, சொட்டை எல்லா இடத்திலும் பூசுங்கள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெள்ளையில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தெரியும். நிமிர்த்திய பிறகும் இதே சோதனையை இன்னொரு தடவை செய்ய வேண்டும், ஏனென்றால் நிமிர்த்தும்போதும் வெடிக்கலாம். நொடிக்கு 300 சுற்றில் கழன்று பறக்கும் ஒரு பித்தளைத் துண்டு கரையில் நிற்பவர்களின் முகத்துக்கு வரலாம். ஆகவே கறுப்புக் கோடு தெரிந்தால் வாதாட வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

வெடிப்பு இல்லை என்றால் நிமிர்த்தலாம். கண்ணால் பார்த்து நிமிர்த்தினால் ஒருபோதும் சரிவராது, இதழில் ஒரு முறுக்கு இருக்கிறது. வேரில் செங்குத்தாகத் தொடங்கி நுனிக்குப் போகப் போகப் படுக்கும் அந்த முறுக்கை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவு வேண்டும். நல்ல இதழே அந்த அளவு. அதை அச்செடுக்க வேண்டும். ஒரு தடிப்பான பலகைத் துண்டில் தண்டின் அதே விட்டத்தில் துளை போட்டு, பழைய தண்டுத் துண்டு ஒன்றைச் செங்குத்தாக நட்டுக்கொள்ளுங்கள். ஆடக் கூடாது. படகின் பின்பக்கம் பார்க்கும் முகம், அதாவது தண்ணீரைத் தள்ளும் முகம், கீழே இருக்கும்படி புரொப்பெல்லரை அந்தத் தண்டில் இறக்குங்கள். நல்ல இதழின் கீழ் முகத்தில் வாசலின் பூசுங்கள். ஹார்ட்வெயார் கடையில் வாங்கும் இரண்டு பாக எப்பொக்சி மாவைப் பிசைந்து, அந்த இதழுக்குக் கீழே பலகையோடு ஒட்டினாற்போல வைத்து, இதழை அதில் அழுத்துங்கள். இறுகியதும் புரொப்பெல்லரை மேலே தூக்கி எடுத்தால் நல்ல இதழின் முகம் அச்சாகப் பலகையில் இருக்கும். இப்போது புரொப்பெல்லரை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி இறக்குங்கள். மடங்கிய இதழ் அச்சின் மேல் வந்து உட்காரும். எங்கே உட்காரவில்லையோ அங்கே வெளிச்சம் தெரியும். அச்சின் மேல் மார்க்கர் மை தடவி இதழை வைத்து அழுத்தினால், தொடும் இடத்தில் மட்டும் மை ஒட்டும், தொடாத இடம் பளிச்சென்று இருக்கும்.

அச்சு பார்ப்பதற்கு மட்டும். அதன் மேல் வைத்துத் தட்டினால் எப்பொக்சி உடைந்து அளவும் போய்விடும். வளைக்கிற வேலைக்கு ஒரு முதிரை மரத்துண்டு எடுத்து, அதன் தலையில் வாளால் ஒரு கீறல் அறுங்கள். இதழின் தடிப்பு இறுக்கமாக நுழையும் அளவு போதும். அதை மடங்கிய நுனியில் செருகி, மடிப்பு விழுந்த கோட்டுக்குக் கிட்ட வரை தள்ளி, கைப்பலத்தால் மெதுவாகத் திருப்புங்கள். நடுக்குழாயை வைஸில் பிடிக்கும்போது இரண்டு பக்கமும் மரத்தட்டு வைக்க வேண்டும். குறடு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் குறட்டின் பல் இதழில் பதிந்த ஒவ்வொரு தடமும் பிறகு வெடிப்பு தொடங்கும் இடம். குறடுதான் இருக்கிறதென்றால் அதன் வாயில் தோல் துண்டு சுற்றிவிட்டுப் பிடியுங்கள்.

பித்தளை வளைக்க வளைக்க விறைத்துக்கொண்டே போகும். முன்னும் பின்னும் நாலைந்து தரம் வளைத்தால் முறிந்துவிடும். அதனால் மடங்கியதற்கு எதிர்த்திசையில் மட்டும், சிறிது சிறிதாக, ஒவ்வொரு தடவையும் அச்சில் வைத்துப் பார்த்துப் பார்த்து வாருங்கள். கையை எடுத்ததும் உலோகம் கொஞ்சம் திரும்பி வரும், அதற்காக ஒரு மயிரிழை கூட வளைக்கலாம். கூடிப்போய்த் திரும்பவும் எதிர்ப்பக்கம் வளைக்க வேண்டிய நிலை வரக் கூடாது. பொறுமை வேண்டிய இடம் இது ஒன்றுதான், மற்றதெல்லாம் சும்மா தேய்ப்பு.

சூடு காட்டினால் இளகுமே என்று யாராவது சொல்வார்கள். இளகும்தான். மங்கல் சிவப்பு வரை சூடாக்கினால் பித்தளை நன்றாக மென்மையாகிவிடும். பிறகு அந்த மென்மையோடேயே இருக்கும். முழு வேகத்தில் தண்ணீரின் அழுத்தத்துக்கு நுனி தானாக வளையும். சில புரொப்பெல்லர்களில் இதழ்கள் தனியாகச் செய்து நடுக்குழாயில் பற்றவைத்தவை, சூட்டில் அந்தப் பற்றும் விட்டுவிடும். பெரிலியம் கொப்பரின் விறைப்பே அதைப் பதமாகச் சூடாக்கிக் கொண்டுவந்ததுதான், மறுபடி அடுப்பில் காட்டினால் அது கெட்டுவிடும். எனவே குளிர்ந்தபடியே செய்யுங்கள்.

இனி சொட்டை. ஒரு மி.மீ. ஆழத்துக்குள் இருந்தால் தேய்த்து எடுக்கலாம். இரண்டு மி.மீ. வரை இருந்தால் எடுக்கலாம், ஆனால் புரொப்பெல்லர் குணம் மாறிவிடும். அதற்கும் மேல் ஆழமென்றால், அல்லது இதழின் வேரிலிருந்து பாதி தூரத்துக்குள் சொட்டை இருந்தால், நான் அதை ஓட்டச் சொல்லமாட்டேன். இதழை வளைக்கப் பார்க்கும் விசை வேரில்தான் உச்சமாக இருக்கும்.

சொட்டையை மட்டும் குழி போல நோண்டி எடுக்கக் கூடாது. விளிம்பின் நீளத்துக்கு அரத்தை ஓட்டி, சொட்டையின் அடி எங்கே முடிகிறதோ அந்த ஆழத்துக்கு முழு விளிம்பையும் ஒரு நீண்ட வளைவாகக் கொண்டுவர வேண்டும். நகைப் பட்டறைகளில் இருக்கும் சின்ன ஊசி அரம் இதற்கு மிக நல்லது. அரத்தை விளிம்போடு சேர்ந்து இழுங்கள், குறுக்கே இழுத்தால் விழும் கீறல்கள் ஒவ்வொன்றும் சின்னச் சொட்டைதான். பிறகு 400, 800, 1200 என்று ஈர சாண்ட் பேப்பரால் மெருகு.

ஒரு காகிதத்தை நல்ல இதழின் மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்து உரசினால் இதழின் உருவம் காகிதத்தில் விழும். வெட்டி எடுத்து அடிபட்ட இதழில் வைத்துப் பாருங்கள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியும். இப்போது மனதுக்குக் கஷ்டமான வேலை: நல்ல இதழிலும் அதே அளவைத் தேய்த்துக் குறைக்க வேண்டும். அடிபட்ட இதழின் புதிய உருவத்தைக் காகிதத்தில் எடுத்து, நல்ல இதழில் மார்க்கரால் கோடு போட்டு, கோடு வரை தேயுங்கள். நல்லதைக் கெடுக்கிறோமே என்று தோன்றும். தோன்றினாலும் செய்யுங்கள், இதைச் செய்யாவிட்டால் மேலே செய்ததெல்லாம் வீண்.

எவ்வளவு இழப்பு வரும்? நுனியில் ஒவ்வொரு பக்கமும் ஒரு மி.மீ. போனால் 40 மி.மீ. புரொப்பெல்லர் 38 ஆகிறது. புரொப்பெல்லர் மோட்டரிடம் கேட்கும் சக்தி விட்டத்தின் ஐந்தாம் அடுக்கோடு போகும். அதே சுற்றில் பார்த்தால் 38 மி.மீ. கேட்பது பழைய சக்தியில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். மோட்டரும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.யும் முன்னையைவிடக் குளிர்ச்சியாக ஓடும், பற்றரி நீண்ட நேரம் நிற்கும், வேகம் குறையும். இளம் ஆட்கள் வேகம் குறைவதைத்தான் பார்ப்பார்கள். முதல் ஓட்டத்துக்கு அது நல்லதே.

விளிம்பை எப்படி முடிப்பது என்பது உங்கள் படகு எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. 65 செ.மீ. வேகப் படகென்றால் பெரும்பாலும் புரொப்பெல்லர் பாதி தண்ணீருக்கு வெளியே நின்று ஓடும் வகைதான். அந்த வகையில் முன் விளிம்பு கத்தி போலக் கூராக இருக்க வேண்டும், ஒவ்வொரு அரைச் சுற்றிலும் அது தண்ணீரை வெட்டிக்கொண்டு உள்ளே வருகிறது. பின் விளிம்பு தடிப்பாக இருந்தாலும் பரவாயில்லை. இழுவைப் படகு, மீன்பிடிப் படகு மாதிரிகளில் புரொப்பெல்லர் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும்; அதில் முன் விளிம்பு லேசாக உருண்டிருக்க வேண்டும், பின் விளிம்பு மெலிந்திருக்க வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்தால் வேகமும் வராது, சத்தமும் கூடும். எதுவானாலும் கூராக்குவது படகின் முன்பக்கம் பார்க்கும் குவிந்த முகத்தில்தான். தண்ணீரைத் தள்ளும் பின்முகத்தில் அரம் படக் கூடாது, பிட்ச், அதாவது ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னே போகும் தூரம், அங்கேதான் இருக்கிறது.

மாமா சொன்ன ஈயத்துக்கு வருகிறேன். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. போனதை நிரப்பினால் நல்ல இதழைக் குறைக்கத் தேவையில்லை. ஆனால் ஈயப்பற்று மென்மையான உலோகம். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் சுழன்று, தண்ணீரை அடித்து அடித்துப் போகும் ஒரு மெல்லிய விளிம்பில் அது நிற்காது. அது பறந்து போகும்போது ஒரு பக்க எடை திடீரென்று குறையும், அதுவும் முழு வேகத்தில்தான் நடக்கும். வெள்ளிப்பற்று வைத்தால் பிடிக்கும், ஆனால் அதற்குக் கொடுக்கும் சூட்டில் இதழே மென்மையாகிவிடும். நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் சுற்றில் நிதானமாக ஓடும் அலங்காரப் படகுக்கு ஒரு கை தேர்ந்த நகைத் தொழிலாளி வெள்ளிப்பற்று வைத்துக் கொடுத்தால் நான் மறுக்கமாட்டேன். உங்கள் படகுக்கு வேண்டாம். பெரிய கப்பல்களிலும் இதே எச்சரிக்கை உண்டு. கப்பல் வகைப்படுத்தும் சங்கங்களின் சர்வதேச அமைப்பு, செம்புக் கலவைப் புரொப்பெல்லர்களின் இதழை மூன்று வலயமாகப் பிரித்திருக்கிறது. தண்ணீரைத் தள்ளும் முகத்தில் வேரிலிருந்து ஆரத்தின் 0.4 வரையுள்ள பகுதியில் பொதுவாகப் பற்றவைக்கவே விடமாட்டார்கள். டன் கணக்கில் எடையுள்ள, மெதுவாகச் சுற்றும் புரொப்பெல்லருக்கே அப்படி.

இனிச் சமன். புதிதாக வாங்கும் வார்ப்புப் புரொப்பெல்லர்களே பலதும் சமன் பார்க்காமல்தான் வருகின்றன, ஆகவே இதைக் கற்றுக்கொண்டால் அடிபடாத புரொப்பெல்லருக்கும் பயன்படும். காந்தத்தில் தண்டைத் தொங்கவிடும் கருவி விற்கிறார்கள். இல்லாவிட்டாலும் இரண்டு ரேசர் பிளேட் போதும். ஒரு மரக்கட்டையில் இணையாக இரண்டு கீறல் அறுத்து, பிளேட்டுகளை விளிம்பு மேலே தெரியும்படி நிறுத்துங்கள். இரண்டும் ஒரே உயரம், மேசை மட்டம். நேரான கம்பியொன்றைப் புரொப்பெல்லரின் துளையில் ஆட்டமில்லாமல் போட்டு, கம்பியின் இரு பக்கமும் பிளேட்டின் கூரில் படும்படி வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், யன்னலைச் சாத்துங்கள். கதவு திறந்து மூடும் காற்றுக்கே அது திரும்பும்.

இதழ்களைப் படுக்கையாக வைத்துக் கையை விடுங்கள். கனமான இதழ் கீழே போகும். அந்த இதழின் குவிந்த முகத்தில், நுனிப் பாதியில், 400 ஈரப் பேப்பரால் பத்துப் பதினைந்து தேய்ப்பு. கழுவி, நன்றாகத் துடைத்து, மறுபடி வைத்துப் பாருங்கள். துடைக்காமல் வைத்தால் ஒட்டியிருக்கும் ஒரு துளித் தண்ணீரைத்தான் சமன் பார்ப்பீர்கள். முடிவுக்கு வர வர அது மிக மெதுவாகத் திரும்பும். அப்போது 800 பேப்பருக்கு மாறி, மூன்று நாலு தேய்ப்போடு நிறுத்திப் பாருங்கள். படுக்கையில் நின்றுவிட்டால் செங்குத்தாகவும் சாய்வாகவும் வைத்துப் பாருங்கள். படுக்கையில் நின்று செங்குத்தில் நிற்காமல் உருண்டால் கோளாறு இதழில் இல்லை, நடுக்குழாயின் ஒரு பக்கம் கனம். அந்தப் பக்கத்துக் குழாயில் மெல்ல அரம் போட்டால் சரியாகும். எந்தக் கோணத்தில் விட்டாலும் விட்டபடி நின்றால் வேலை முடிந்தது.

படகில் திரும்பப் பூட்டும்போது, குண்டூசியை இந்த முறை இதழின் நுனிக்குப் பக்கத்தில் நிறுத்திச் சுற்றிப் பாருங்கள். இரண்டு நுனியும் ஒரே இடத்தில் ஊசியைக் கடக்க வேண்டும். உங்களுடையது கம்பி முறுக்கிய வளையும் தண்டு என்றால், டிரைவ் டாக்குக்கும் தண்டைத் தாங்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே ஐந்து மி.மீ. அளவு இடைவெளி விடுங்கள். சுமை ஏறும்போது அந்தத் தண்டு முறுகிச் சுருங்கும். இடைவெளி இல்லாவிட்டால் டாக் போய் ஸ்ட்ரட்டில் உரசிச் சூடாகும். நைலோன் வளையம் உள்ள நட் பலமுறை கழற்றிப் பூட்டியதென்றால் புதிது போடுங்கள்.

முதல் ஓட்டத்தை விடியற்காலையில் வையுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெயில் ஏறியதும் வாவியில் சிற்றலை எழும்பிவிடும், உதறல் படகினுடையதா அலையினுடையதா என்று பிரித்தறிய முடியாது. முதலில் பாதி வேகத்தில் ஒரு நிமிடம். கரைக்கு எடுத்து, பற்றரியைக் கழற்றி, மோட்டரில் விரல் வையுங்கள். ஐந்து நொடி வைத்திருக்க முடிந்தால் நல்லது. முடியாமல் கையை எடுக்கவேண்டி வந்தால் எங்கேயோ உரசுகிறது, மேலே போக வேண்டாம். பிறகு முக்கால், பிறகு முழு வேகம். சத்தத்தைக் கவனியுங்கள். நல்ல புரொப்பெல்லரின் சத்தம் ஒரே சுருதியில் ஏறும். இடையில் கரகரப்பு வந்து மறைந்தால் இன்னும் சமன் பிசகு இருக்கிறது, அல்லது இதழின் முறுக்கு ஒத்துவரவில்லை. பிளேட் கட்டைக்கும் அச்சுக்கும் திரும்பப் போங்கள். அச்சுப் பலகையை எறிந்துவிடாமல் வைத்திருங்கள், அடுத்த தடவையும் உதவும்.

வேறு வகைப் புரொப்பெல்லர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். பிளாஸ்டிக், அதாவது நைலோன் புரொப்பெல்லரில் விளிம்புச் சொட்டையைக் கூரான பிளேட்டால் சீவலாம். வளைந்திருந்தால் கொதிநீரில் சில நிமிடம் வைத்து, எடுத்துப் பிடித்து, பிடித்தபடியே பச்சைத் தண்ணீரில் ஆறவிட்டால் ஓரளவு திரும்பும். வேரில் வெள்ளைக் கோடு தெரிந்தால் எறியுங்கள். சூப்பர் க்ளூ நைலோனில் நம்பும்படி பிடிக்காது. அலுமினியம் ஒரு தடவைதான் வளைந்து கொடுக்கும், அதுவும் நுனியில் மட்டும். தேய்க்கும்போது அரத்தின் பல்லில் அடையும், சோக்குத் தூள் பூசிவிட்டுத் தேயுங்கள். கார்பன் ஃபைபர் இதழ் பிரிந்திருந்தால் திருத்தவே வேண்டாம்.

திருத்திய புரொப்பெல்லரை வாவியில் ஓட்டுவதென்றால் இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. மாரியில் மழைத் தண்ணீர் வந்து வாவி நன்னீர் போலாகிவிடும். கோடையில் கடல் தண்ணீர் ஏறி உப்புக் கூடும். உப்புத் தண்ணீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை மெல்ல மெல்லத் தின்னும். பளபளத்த மஞ்சள் நிறத்தில் ஆங்காங்கே ரோசாப்பூ நிறப் பொட்டு தெரிந்தால் அந்த இடத்தில் மிஞ்சியிருப்பது பஞ்சுபோன செம்புதான். அந்தப் புரொப்பெல்லரை நிமிர்த்தப் போனால் பொட்டிலேயே முறியும். ஓட்டி முடித்ததும் கிணற்றுத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள், வளையும் தண்டை உருவித் துடைத்துக் கிறீஸ் பூசுங்கள்.

ஓடும் இடத்தையும் தெரிந்து வைத்திருங்கள். வாவியில் கரையோரக் கற்கட்டு, கண்டல் வேர், சிப்பி ஒட்டிய கம்பு, நட்டு வைத்த வலைக் கம்பு எல்லாம் தண்ணீர் வற்றும்போது மேலெழும். மழைக்காலத்தில் அதே இடத்தில் தாராளமாக ஓடியிருப்பீர்கள், கோடையில் அங்கேதான் தட்டும். ஆற்றுவாழை ஒதுங்கிக் கிடக்கும் மூலையில் மோட்டர் எரிந்துபோகும் அளவுக்கு இறுகும். அம்பாறைப் பக்கம் குளங்களில் ஓட்டுபவர்களுக்குக் கல்லைவிடத் தண்ணீருக்குள் நிற்கும் பழைய மரக்குற்றியும் ஆம்பல் தண்டும்தான் தொல்லை. எங்கே ஓட்டினாலும் வலை போட்டிருக்கும் பக்கம் போகாதீர்கள். நமக்கு ஒரு புரொப்பெல்லர் போகும், அவர்களுக்கு அன்றைய தொழிலே போகும்.

புதியதை இப்போதே ஓடர் பண்ணிவிடுங்கள், திருத்தியதை அது வரும்வரை ஓட்டலாம். உங்கள் புரொப்பெல்லரின் நடுக்குழாயில் எண் ஏதும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். 440 என்பது போன்ற எண் இருந்தால் கடைசி இரண்டு இலக்கமும் விட்டம், 40 மி.மீ.; முதல் இலக்கம் 4 என்பது பிட்ச் விட்டத்தைப் போல 1.4 மடங்கு, அதாவது 56 மி.மீ. துளை 4 மி.மீ.யா 4.76 மி.மீ.யா என்று வெர்னியரால் அளந்துவிட்டு எழுதுங்கள், இந்த இரண்டுக்கும்தான் ஆட்கள் அதிகம் மாறிப்போய் வாங்குகிறார்கள். எந்தப் பக்கம் சுற்றுவது என்பதையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். வந்து சேர்ந்ததும் தண்ணீரில் இறக்க முன் அதையும் ரேசர் பிளேட் கட்டையில் வைத்துச் சமன் பாருங்கள்.